துண்டு மூடிய திரை

எங்கள் வீட்டு லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ் பொருத்தம் என்று தேர்ந்தெடுக்கும் வேலை என்னிடம் இரண்டு முறை வந்தது. முதல் முறை நான் செய்தது தப்பு. அதை எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தே ஆறு மாதம் ஓடிவிட்டது. வெட்கமாக இருந்ததால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

என் கணவர் மனு எழுதுகிறவர். திங்கட்கிழமைதோறும் விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் ஜனங்கள் குறைகளைச் சொல்லி மனு கொடுக்கும் நாள். மஞ்சள் பையில் பழைய காகிதங்களைத் திணித்துக்கொண்டு காலையிலேயே வந்துவிடுவார்கள். எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை ஓரமாக இவர் மேசை போட்டிருப்பார். ஒரு லேப்டாப், அதில் செருகிய தனி கீபோர்டு, சின்ன பிரிண்டர். அவர்கள் சொல்லச் சொல்ல இவர் அடிப்பார், காகிதத்தை எடுத்து மூன்றாக மடித்துக் கையில் கொடுப்பார். இருபது வருஷமாக இதுதான் அவர் திங்கட்கிழமை. மற்ற நாட்களில் திண்டிவனத்தில் வீட்டிலேயே உட்கார்ந்து டைப் வேலை.

நாங்கள் இருவரும் திண்டிவனத்தில் ஒரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்தவர்கள். தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் பாஸ். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் ஆனேன். அவர் யாருக்கும் கீழே வேலை செய்ய மாட்டேன் என்று மேசை போட்டார். வேகத்தில் அவர் கிட்டே என்னால் நெருங்க முடியாது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

நாலு வருஷத்துக்கு முன் சர்க்கரை அவர் கண்ணைப் பிடித்தது. பாண்டிச்சேரிக்குப் போய் லேசர் வைத்தோம், கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். நான் அதில் 'காப்பாற்ற' என்ற சொல்லை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். மீதியை அங்கேயே விட்டுவிட்டேன்.

லேப்டாப்பில் இருந்த பழைய விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது என்று அறிவிப்பு வரத் தொடங்கியது அதற்கெல்லாம் பிறகுதான். புதியது அந்த லேப்டாப்பில் ஏறாது. கடையில் கேட்டால் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். நன்றாக ஓடுகிற பொருளைத் தூக்கிப் போடச் சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதே கோபத்தோடு குயிலாப்பாளையத்தில் இருக்கும் என் தோழிக்குப் போன் போட்டேன். அவளும் எங்களோடு டைப் படித்தவள். அங்கே ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள், பல வருஷமாக விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்தான்.

"லினக்ஸுன்னா ஒண்ணு கெடையாதுடி, நூறு இருக்குது," என்றாள். "எல்லாம் ஃப்ரீதான். அதனாலயே ஆளாளுக்கு ஒண்ணு பண்ணி வெச்சிருக்காங்க. எது நல்லதுன்னு கேக்காத. யாருக்கு, எதுக்குன்னு சொல்லு."

"அவருக்குத்தான்டி. மனு அடிக்க."

"அவருக்குக் கண்ணு எப்பிடி இருக்குது?"

"பரவால்ல. எழுத்து பெருசா இருந்தாப் போதும்."

அவர் அடுத்த அறையில்தான் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போய் அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தோழி சொன்னபடி பென் டிரைவில் ஏற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். லேப்டாப்பில் இருப்பதைத் தொடாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க முடிந்தது எனக்குப் பெரிய ஆச்சரியம். புடவைக் கடையில் ஒவ்வொன்றாக மேலே போட்டுப் பார்ப்பது மாதிரி ஒரு வாரம் பார்த்தேன். ஒன்று பார்க்க அழகு, ஆனால் அந்தப் பழைய லேப்டாப்பில் மூச்சு வாங்கியது. இன்னொன்றில் எங்கள் டைப்ரைட்டர் முறைத் தமிழ் கீபோர்டு கிடைக்கவில்லை. கிடைத்திருக்கலாம், எனக்குப் பொறுமை இல்லை. மூன்றாவது மிக லேசானது. பட்டனை அழுத்தினால் ஜல்தியாக எழுந்து நின்றது. கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்து வைத்தேன், எழுத்தைச் சுண்டைக்காய் அளவுக்குப் பெரிதாக்கினேன். எந்தெந்த லினக்ஸ் என்று பெயரைச் சொன்னால் அதை வைத்திருப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், அதனால் பெயர்கள் வேண்டாம். தப்பு அவற்றின் மேல் இல்லை.

அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"தெரியுதாங்க?"

"இன்னும் கொஞ்சம் பெருசா வையேன்."

வைத்தேன்.

"இப்ப?"

"இன்னும் ஒரு பாயிண்ட்டு."

அதையும் வைத்தேன். "இப்பத் தெரியுதா?"

"ம். இப்ப நல்லாத் தெரியுது."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. விண்டோஸை அழித்துவிட்டு அதையே நிரந்தரமாகப் போட்டேன். தோழிக்குப் போன் செய்து பெருமை அடித்துக்கொண்டேன். இரண்டு மாதம் அவர் திங்கட்கிழமைதோறும் பஸ் ஏறிப் போனார், வந்தார். ஏதும் குறை சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் சட்டையை ஊறவைக்க எடுத்தபோது பாக்கெட்டில் மூன்றாக மடித்த காகிதம் இருந்தது. பிரித்தேன். மனு மாதிரி பத்தி பிரித்து, நிறுத்தி, அழகாக அடித்திருந்தது. ஆனால் ஒரு சொல்கூடச் சொல்லாக இல்லை. எழுத்துகள் கண்டபடி கிடந்தன.

டைப் படித்தவர்களுக்குத் தெரிந்த ஒரு விபத்து உண்டு. நடு வரிசையில் விரல் வைக்கும்போது ஒரு கீ தள்ளி வைத்துவிட்டால் கை என்னவோ சரியாகத்தான் ஓடும், காகிதத்தில் விழுவதெல்லாம் பக்கத்து எழுத்தாக இருக்கும். முதல் மாதத்தில் எல்லாரும் செய்வோம். தலையைத் தூக்கிப் பார்த்தால் முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும். நிறுத்திவிட்டு, கையை நகர்த்தி, மறுபடி தொடங்குவோம். இவர் முழுப் பக்கத்தையும் அப்படியே அடித்து முடித்திருந்தார்.

வாளித் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் குழாயைக்கூட மூடாமல் கீபோர்டு முன்னால் போய் உட்கார்ந்தேன். காகிதத்தில் இருக்கும் ஒவ்வோர் எழுத்தின் கீயையும் தேடி, அதற்கு இடப்பக்கம் இருக்கும் கீயை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தேன். மெதுவாக மனு வெளியே வந்தது. வல்லம் பக்கத்து ஊரில் ஒரு பெண். கூலி வேலை. மாமனார் காலத்திலிருந்து அதே இடத்தில் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள், அந்த இடத்துக்கு மனைப்பட்டா வேண்டும். கணவன் இல்லை, இரண்டு பெண்கள். கடைசியில் 'தங்கள் பாதங்களில் விழுந்து மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.' அந்த வரிக்கு விரல் வைக்கவே தேவைப்படவில்லை. அவருடைய எல்லா மனுவும் அப்படித்தான் முடியும், எனக்கு மனப்பாடம்.

அவர் உள்ளே கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். காகிதத்தை அவர் கையில் வைத்தேன். மடிப்பைத் தடவிப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நேத்திக்கு யாரோ மேசைய இடிச்சிட்டாங்க," என்றார். "கீபோர்டு நவுந்து போச்சு. கைய எடத்துல வெச்சிட்டதா நெனச்சிக்கினு அடிச்சிட்டேன். அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பிடியே எடுத்துக்கினு போய் வரிசையில நின்னிருக்கு. மனு பதியிற எடத்துல, 'ஒண்ணுமே புரியலம்மா, வேற எழுதிக்கினு வா'ன்னு சொல்லிட்டாங்களாம். திரும்பி வந்து என் முன்னாடி போட்டுச்சு. 'இன்னாண்ணே இது, ஒரு நாள் கூலிய வுட்டுட்டு வந்தேனே'ன்னு கேட்டுச்சு. பக்கத்து மேசையில எழுதிக்கினு போச்சு."

"எத்தன நாளாத் தெரியல?"

கூழ்ச் சொம்பைக் கீழே வைத்தார். "நீ கறுப்புல மஞ்சளா வெச்சியே, அன்னிக்கு மஞ்ச மட்டும் தெரிஞ்சிது. எழுத்து தெரியல."

அப்படியென்றால் இரண்டு மாதம் முழுவதும் திறப்பது, அடிப்பது, பிரிண்ட் கொடுப்பது எல்லாவற்றையும் திரையைப் பார்க்காமலே கை நினைவில் செய்திருக்கிறார். ஒரு பிழை இல்லாமல். அந்த ஒரு திங்கள் வரைக்கும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏன் எங்கிட்ட சொல்லல? நான் இன்னா வேத்து மனுஷியா?" என்று கத்தினேன்.

அவர் கத்தவில்லை. "தெரியுதா, தெரியுதான்னுதான கேட்டுக்கினே இருந்த," என்றார். "தெரியலன்னு சொல்ல நீ எடமே வுடலியே. அந்த மேசைய வுட்டுட்டு வூட்ல குந்திக்கினா அப்பறம் நான் எதுக்கு?"

கண்ணில்லாதவருக்கு நான் கண்ணுக்கு இதமான நிறம் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அவருக்கு எது தேவை என்று தேடவே இல்லை. அவர் பார்வை போகவில்லை என்று நான் நம்புவதற்கு எது தேவையோ அதைத் தேடினேன். குழாயடியில் போய் நின்று அழுதேன். பிறகு வாளியை எடுத்து வைத்துவிட்டு ஆபீசுக்கு லீவு சொன்னேன்.

தோழியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸிலேயே கிளம்பி வந்துவிட்டாள். வந்ததும், கொடியில் காய்ந்து கிடந்த அவர் துண்டை எடுத்து லேப்டாப் திரையின் மேல் போட்டாள்.

"இனிமே இந்தத் துண்ட எடுக்கக் கூடாது. நீயும் பாக்கக் கூடாது," என்றாள் என்னிடம். அவரிடம், "அண்ணே, நீங்க வந்து உக்காருங்க. இவ தள்ளி உக்காரட்டும்," என்றாள்.

முதலில் நான் தேர்ந்தெடுத்த லினக்ஸையே திறந்தோம். துண்டுக்குக் கீழே அது எழுந்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. ஒரு சத்தம் இல்லை. இரண்டு மாதம் அவர் எப்படி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்தது திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும், ஆனால் அதைப் பேசவைக்கும் இடத்துக்கு நாங்கள் திரையைப் பார்க்காமல் போக முடியவில்லை. "பேச வைக்கவே கண்ணு வேணுமாம். நல்லா இருக்குது போ," என்றார் அவர். அன்றைக்கு அவர் முதல் தடவையாகச் சிரித்தார். அதற்கும் குறுக்குவழி இருந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியவில்லை.

மூன்றாவதாக ஒரு பென் டிரைவைச் செருகும்போது தோழி சொன்னாள். "இதுல 'பீப்'னு ஒரு சத்தம் வரும். வந்ததும் எஸ் தட்டி என்டர் போடுங்கண்ணே."

காத்திருந்தோம். தெருவில் வறுத்த மல்லாட்டை விற்கிறவர் வண்டிச் சத்தம் போய் அடங்கியது. பீப் என்றது. அவர் விரல் எஸ்ஸுக்குப் போய், என்டருக்குப் போனது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இரும்புத் தொண்டை ஒன்று இங்கிலீஷில் பேச ஆரம்பித்தது. எந்த மொழி வேண்டும், எந்த நாடு, எந்த கீபோர்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. இவர் ஒவ்வொன்றுக்கும் எண்ணைத் தட்டிப் பதில் கொடுத்தார். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அது காத்திருந்தது. நான் இரண்டு கையையும் மடியில் அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உதவி செய்யாமல் இருப்பது எனக்கு அவ்வளவு சிரமமான வேலை என்று அன்றுதான் தெரிந்தது.

ஓரிடத்தில் நிறுத்தினார். "இருக்கிறது எல்லாத்தியும் அழிச்சிடட்டுமான்னு கேக்குது," என்றார் என் பக்கம் திரும்பி. கோப்புகளை முன்பே தனியாக எடுத்து வைத்திருந்தோம்.

"நீங்களே சொல்லுங்க," என்றேன்.

ஆமாம் என்று தட்டினார். நான் கறுப்பிலும் மஞ்சளிலும் ஒரு வாரம் உட்கார்ந்து அலங்காரம் செய்ததெல்லாம் போயிற்று.

தமிழ்க் குரலையும் எங்கள் டைப்ரைட்டர் முறை கீபோர்டையும் சாப்பாட்டுக்குப் பிறகு தோழி அமைத்துக் கொடுத்தாள். முதலில் ஒரு பழைய மனுவைத் திறந்து படிக்கவிட்டார். மூச்சே விடாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல் அது படித்தது. "சளி புடிச்சவன் பேசறாப்பல இருக்குது," என்று சொல்லிவிட்டு மறுபடி படிக்கவிட்டார். மறுபடியும். மூன்றாவது தடவை கேட்கும்போது அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. கீபோர்டில் ஆள்காட்டி விரல்கள் உட்காரும் இரண்டு கீயிலும் சின்ன மேடு இருக்கும், இடம் தெரிவதற்காக. இவர் அடித்த அடியில் அவருடையது தேய்ந்து மழுங்கியிருந்தது. நான் என் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து இரண்டை எடுத்து அந்த இரண்டு கீயிலும் ஒட்டினேன். தடவிப் பார்த்தார். "பொட்டா?" என்றார். ஆமாம் என்றேன். மேசையை யார் இடித்தாலும் இனி அவர் கைக்கு இடம் தெரியும்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு வேலை செய்தார். அடித்த ஒவ்வொரு வரியையும் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரி. வேகம் குறைந்தது. ஆனால் கண் தெரியாது என்பதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. பாட்டுக் கேட்கிறார் என்று நினைத்திருப்பார்கள். அந்த வல்லத்துப் பெண்ணைப் பற்றி மட்டும் அடிக்கடி பேசுவார். அவர் இருபது வருஷ வேலையில் அவளுக்கு முன் ஒருவர்கூட அவர் மனுவைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

பள்ளிக்கூடம் காலாண்டு விடுமுறையில் இருந்த ஒரு திங்களன்று நானும் கூடப் போனேன். பதினோரு மணிக்கு நல்ல கூட்டம். வரிசையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். பக்கத்து மேசைக்காரர் அன்றைக்கு வரவில்லை.

"இன்னாண்ணே, இந்தத் தபாவாவது எழுத்தா வருமா?" என்று ஒரு குரல் கேட்டது.

அவர் கை நின்றுவிட்டது. இயர்போனைக் கழற்றினார். குரலை வைத்தே தெரிந்துகொண்டார். நாற்பது வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கையில் ஒரு கடிதம் வைத்திருந்தாள். அன்றைக்குப் பக்கத்து மேசையில் எழுதிக் கொடுத்த மனைப்பட்டா மனுவுக்கு மேல் விவரம் கேட்டு வந்திருந்தது, அதற்குப் பதில் எழுத வேண்டும்.

"உக்காரும்மா," என்றார். பிறகு, வரிசையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எனக்குக் கண்ணு தெரியாதும்மா. அன்னிக்கும் தெரியாது. சொன்னா யாரும் வர மாட்டாங்கன்னு சொல்லாம குந்திக்கினு இருந்தேன். ஒன் ஒரு நாள் கூலிய நான்தான் பாழாக்கினேன். தப்பு என்னுது," என்றார்.

வரிசையில் கடைசியில் நின்ற ஆள் எட்டிப் பார்த்தார். இனி ஒருவரும் நிற்க மாட்டார்கள், எல்லாம் இன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பெண் குனிந்து அவர் கண்களைப் பார்த்தாள். "அப்ப இப்ப மட்டும் எப்பிடி எழுதுவ?" என்றாள்.

"இது படிச்சிக் காட்டும். கேளு."

கடிதத்தை நான் படித்துச் சொன்னேன். அவள் விவரம் சொன்னாள், அவர் அடித்தார். முடித்ததும் இயர்போன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, சத்தத்தைக் கூட்டி, முதலிலிருந்து படிக்கவிட்டார். அந்தச் சளிக்குரல் ஜெராக்ஸ் மெஷின் சத்தத்துக்கு நடுவே அவள் பெயரைச் சொன்னது, அவள் மாமனார் பெயரைச் சொன்னது, கிணற்றுக்குக் கிழக்கே வீடு இருப்பதைச் சொன்னது. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டாள். வரிசையில் நின்றவர்களும் காதைக் கொடுத்தார்கள்.

'தங்கள் பாதங்களில் விழுந்து மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்' என்று படித்து முடித்தது.

"இரு இரு," என்றாள். "அது இன்னா கடைசில?"

"அது எல்லா மனுவுலயும் போடறதும்மா. மரியாதைக்கு."

"நான் எப்ப யாரு கால்ல வுழுந்தேன்? நான் சொல்லலியே அத." கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு தப்பாக இருப்பதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "அன்னிக்கு நீ எழுதினதுலயும் இது இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"எடுத்துடு. எங்க எடத்தத்தான் கேக்கறோம்."

எடுத்தார். மறுபடி படிக்கவிட்டார். "ம். இப்பத்தான் நான் சொன்னது," என்று சொல்லிவிட்டு, பிரிண்ட் எடுத்த காகிதத்தில் கைநாட்டு வைத்தாள். மடித்த காகிதத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போனாள். வரிசையிலிருந்து யாரும் விலகவில்லை. அடுத்து நின்ற பெரியவர் முன்னால் வந்து, "எனக்கும் படிச்சிக் காட்டச் சொல்லுப்பா," என்றார். அன்று மாலை வரை அந்த மேசையில் எல்லா மனுவும் சத்தமாகப் படிக்கப்பட்டது. எல்லாரும் ஏதாவது ஒன்றைத் திருத்தினார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கூட்டேரிப்பட்டு தாண்டிய பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இருவது வருஷமா எத்தினி பேரக் கால்ல வுழ வெச்சிருக்கேன்," என்றார். "ஒருத்தரக் கூட ஒரு வார்த்த கேக்கல."

எனக்கு அடுத்த அறையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்த அந்த நாள் நினைவுக்கு வந்தது. நானும் கேட்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் லேப்டாப்பைத் திறந்தார். எல்லா மனுவுக்கும் அடிப்படையாக அவர் வைத்திருக்கும் மாதிரிக் கோப்பை எடுத்து, கடைசி வரிக்குப் போய் அழித்தார். பிறகு முதலிலிருந்து படிக்கவிட்டார். துண்டு கொடியில் கிடந்தது, திரை எனக்கு நேராகத்தான் இருந்தது. நான் பார்க்கவில்லை. அவரோடு உட்கார்ந்து கடைசி வரை கேட்டேன். அந்த வரி வரவில்லை.